எத்தனை டிகிரி, எந்தப் பக்கம்?

இடுப்பு மூட்டைக் கணினியில் ஆராயும் பொறியியல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்



இயந்திரவியலும் உயிர்மருத்துவப் பொறியியலும் படிக்கும் உங்களில் சிலர் இறுதியாண்டு புராஜெக்டுக்கோ முதுகலை ஆய்வுக்கோ இடுப்பு மூட்டை எடுத்துக்கொள்கிறீர்கள். சி.டி. ஸ்கேனிலிருந்து எலும்பைப் பிரித்தெடுத்து, மெஷ் போட்டு, சுமை கொடுத்து, சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக வந்த படத்தை எலும்பியல் மருத்துவர்களிடம் கொண்டுவந்து கருத்துக் கேட்கிறீர்கள். இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சை செய்கிறவன் என்ற முறையில் என் கருத்தை உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். உங்கள் வேலை எங்களுக்கு வேண்டும். நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே வேண்டும். ஆனால் அந்தப் படத்தோடு நீங்கள் நின்றுவிட்டால் எங்களுக்குப் பயன் இல்லை. அறுவை அரங்கில் எங்களைக் குடையும் ஒரு கேள்விக்கு அது விடை சொல்ல வேண்டும். அந்தக் கேள்வி என்ன, அது ஏன் கடினமானது, அதற்கு உங்களால் மட்டுமே ஏன் விடை தர முடியும் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நோயிலிருந்து தொடங்குகிறேன். தொடை எலும்பின் தலை ஒரு பந்து. இடுப்பெலும்பில் அது பொருந்தும் குழி ஒரு கிண்ணம். சிலருக்கு அந்தக் கிண்ணம் ஆழமில்லாமலும் கூரை சரிந்தும் வளர்ந்துவிடுகிறது. இதைத்தான் இடுப்பு மூட்டு டிஸ்பிளாசியா என்கிறோம். பெண் குழந்தைகளிடமும், தலைச்சன் பிள்ளைகளிடமும், வயிற்றில் தலை மேலாக இருந்த குழந்தைகளிடமும், குடும்பத்தில் இக்குறை உள்ளவர்களிடமும் இது அதிகம். பிறந்த சில வாரங்களில் கண்டுபிடித்துவிட்டால் கால்களை விரித்து வைக்கும் வார்ப்பட்டையைக் கட்டியே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். அப்போது யார் கண்ணிலும் படாமல் போனவர்கள் மற்ற பிள்ளைகளைப் போலவே ஓடியாடி வளர்கிறார்கள். 20, 25 வயதில் தொடை இடுக்கில் வலி என்று வருகிறார்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் விரலால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்ட மாட்டார்கள். கட்டைவிரல் பின்பக்கமும் மற்ற விரல்கள் முன்பக்கமுமாக இடுப்பை அப்படியே கவ்விப் பிடித்துக் காட்டுவார்கள். வலி ஆழத்தில் இருக்கிறது என்பதற்கு அந்தப் பிடியே அடையாளம்.

ஏன் வலிக்கிறது? இங்கேயே உங்கள் பாடம் தொடங்கிவிடுகிறது. ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு ஒரு தராசு. ஒரு பக்கம் உடலின் எடை. மறுபக்கம் அது சாய்ந்துவிடாமல் இழுத்துப் பிடிக்கும் தசைகள். எடையின் கை நீளம், தசையின் கை குட்டை. அதனால் தசை எடையைவிட அதிக விசையோடு இழுக்க வேண்டியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து மூட்டின்மேல் இறங்குகின்றன. ஜெர்மானிய மருத்துவர் ஃபிரீட்ரிக் பாவெல்ஸ் கணக்கிட்டுச் சொன்ன இந்த விசையை, பெர்லினில் கெயார்க் பெர்க்மானின் குழு நேரடியாகவே அளந்தது. உணர்கருவிகள் பொருத்திய செயற்கை மூட்டுகளைச் சில நோயாளிகளுக்கு வைத்து, அவர்கள் நடக்கும்போது சுமையைப் பதிவு செய்தார்கள். 2001-இல் வெளியான அந்த அளவீட்டின்படி, சாதாரண நடையில் மூட்டின்மேல் இறங்கும் விசை உடல் எடையில் 238 சதவீதம், படி ஏறும்போது 251, இறங்கும்போது 260. அதாவது 50 கிலோ எடையுள்ள பெண் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அவருடைய இடுப்பு ஏறத்தாழ 120 கிலோவைத் தாங்குகிறது.

கிண்ணம் ஆழமாக இருந்தால் இந்தச் சுமை அகலமான பரப்பில் விரவிவிடும். ஆழமில்லாத கிண்ணத்தில் அதே சுமை கூரையின் வெளி விளிம்பை ஒட்டிய சிறு பரப்பில் குவிகிறது. பரப்பு பாதியானால் அழுத்தம் இரட்டிப்பு. குருத்தெலும்பு வளர்ந்து தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் திசு அல்ல, தேய்ந்தால் தேய்ந்ததுதான். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஹேட்லி, பிரவுன், வைன்ஸ்டீன் ஆகியோர் 1990-இல் இதை அழகாகக் கணக்கில் கொண்டுவந்தார்கள். குழந்தைப் பருவத்தில் இடுப்பு நழுவலுக்குச் சிகிச்சை பெற்றவர்களின் எக்ஸ்ரேக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, ஒவ்வொருவரின் மூட்டிலும் இருந்த அழுத்தத்தைக் கணித்தார்கள். 2 மெகாபாஸ்கலுக்கு மேற்பட்ட அழுத்தத்தை அது நீடித்த ஆண்டுகளோடு பெருக்கிக் கூட்டினார்கள். அந்தத் தொகை 10 மெகாபாஸ்கல்-ஆண்டைத் தாண்டியவர்களின் மூட்டுகள் பிற்காலத்தில் கெட்டன. அந்த 2 மெகாபாஸ்கல் எல்லைக்கு மேல் வெறும் அரை மெகாபாஸ்கல் கூடுதலாக இருந்தாலும் 20 ஆண்டில் அந்தத் தொகை சேர்ந்துவிடும். சிறிய மிகை, நீண்ட காலம்: இந்த நோயின் தன்மையே இதுதான்.

ஆனால் மருத்துவமனையில் நாங்கள் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. கோணத்தைப் பார்க்கிறோம். ஸ்வீடன் நாட்டு மருத்துவர் குன்னார் விபெர்க் 1939-இல் ஒரு கோணத்தை வகுத்துத் தந்தார். பந்தின் மையத்திலிருந்து நேர் மேலே ஒரு கோடு, கிண்ணத்தின் வெளி விளிம்புக்கு ஒரு கோடு. இரண்டுக்கும் இடைப்பட்ட கோணம் 25 டிகிரிக்கு மேல் இருந்தால் சரி, 20-க்குக் கீழே இருந்தால் டிஸ்பிளாசியா. எளிமையானது, நம்பகமானது, இன்றும் ஒவ்வோர் எக்ஸ்ரேயிலும் நாங்கள் வரைவது. அந்தக் கோணம் 16 டிகிரிக்கும் குறைவாக இருந்த எந்த மூட்டும் 65 வயதுவரை நன்றாக இயங்கவில்லை என்று மர்ஃபியும் கான்ஸும் முல்லரும் 1995-இல் எழுதினார்கள்.

இருந்தாலும் அது ஒரு தட்டையான படத்தின் கோணம். கிண்ணமோ முப்பரிமாணம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் குளோஹிசி உள்ளிட்ட குழுவினர் சி.டி. ஸ்கேன்களை ஆராய்ந்து 2017-இல் காட்டியதைக் கவனியுங்கள். டிஸ்பிளாசியா உள்ள இளையோரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குக் குறை முன்பக்கத்திலும் மேலேயும் இருந்தது, இன்னொரு பங்கினருக்குப் பின்பக்கத்திலும் மேலேயும், மற்றவர்களுக்குச் சுற்றிலும். எக்ஸ்ரேயில் ஒரே 15 டிகிரி காட்டும் மூன்று பெண்களுக்கு மூன்று வெவ்வேறு திசைகளில் கிண்ணத்தைத் திருப்ப வேண்டியிருக்கலாம் என்பது இதன் பொருள்.

திருப்புவது என்றேன். அதுதான் சிகிச்சை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரைன்ஹோல்ட் கான்ஸ் 1984-இல் முதன்முதலாகச் செய்து, 1988-இல் சக மருத்துவர்களோடு சேர்ந்து வெளியிட்ட அறுவை முறை இது. கிண்ணத்தைச் சுற்றி எலும்பை வெட்டி விடுவித்து, பந்தை நன்றாக மூடும்படி திருப்பி, ஸ்குரு போட்டு நிறுத்துவது. பிஏஓ என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்கிறோம். செயற்கை மூட்டு வைக்காமல், நோயாளியின் சொந்த மூட்டையே காப்பாற்றும் வழி. வளர்ச்சித் தட்டு மூடிய பதின்பருவத்தினருக்கும், மூட்டு இன்னும் தேயாத இளையோருக்கும் இதுதான் சிறந்த தேர்வு.

அரங்கில் அந்த நேரம் எப்படியிருக்கும் என்று சொல்கிறேன். நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார். இடுப்பின் முன்பக்கமாக உள்ளே போய், கிண்ணத்துக்குக் கீழே உட்காரும் எலும்பில் பாதி வெட்டு, முன்னால் பூப்பெலும்பில் ஒரு வெட்டு, மேலே இலியத்தில் ஒரு வெட்டு, பிறகு கிண்ணத்தின் பின்னால் இறங்கும் வெட்டு என்று முடிக்கிறோம். பின்தூணை மட்டும் முழுதாக விட்டுவைப்போம். கடைசி வெட்டு பிளந்ததும் கிண்ணம் விடுபட்டு ஆடத் தொடங்கும். அதில் முறுக்கியிருக்கும் ஷான்ஸ் ஸ்குருவைப் பிடித்துத் திருப்புகிறேன்: வெளிப்பக்கம் கொஞ்சம், முன்பக்கம் கொஞ்சம், உள்நோக்கிச் சற்றுத் தள்ளி. இரண்டு மூன்று கம்பிகளைச் செலுத்தித் தற்காலிகமாக நிறுத்திவிட்டு சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவியில் படம் பார்க்கிறோம். கூரை கிடைமட்டமாக வந்துவிட்டதா? முன் விளிம்பின் நிழலும் பின் விளிம்பின் நிழலும் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றனவா? தொடையை 90 டிகிரி மடக்கினால் முன்னால் இடிக்கிறதா? மனநிறைவு இல்லையென்றால் கம்பியை உருவி மறுபடியும் திருப்புகிறோம். இதற்கிடையில் வெட்டிய எலும்பிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டே இருக்கிறது. இந்தச் சில நிமிடங்களில் நாங்கள் நிறுத்தும் நிலையோடுதான் அந்த நோயாளி அடுத்த பல பத்தாண்டுகள் நடக்கப்போகிறார்.

எத்தனை டிகிரி, எந்தப் பக்கம்? எங்கள் கேள்வி இதுதான். குறைவாகத் திருப்பினால் விளிம்புச் சுமை அப்படியே இருக்கும். அதிகமாகத் திருப்பினால் கிண்ணத்தின் முன் விளிம்பு தொடை எலும்பின் கழுத்தை இடிக்கும். அந்த இடியே கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றியுள்ள லேப்ரத்தையும் குருத்தெலும்பையும் கிழிக்கும். இப்படி இடிபடும் நோயாளிகளைப் பற்றிக் கான்ஸும் சக மருத்துவர்களுமே 1999-இல் எழுதினார்கள். பெர்னில் முதன்முதலாக இந்த அறுவை செய்யப்பட்ட 75 மூட்டுகளைத் தொடர்ந்து கவனித்ததில், 20 ஆண்டுக்குப் பிறகு 60 சதவீதம் காப்பாற்றப்பட்டிருந்தன. 30 ஆண்டுக்குப் பிறகு நன்றாக இருந்தவை மூன்றில் ஒரு பங்கு அளவே. அறுவைக்கு முன்பே தேய்மானம் தொடங்கிவிட்டவர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள். கற்றுக்கொண்டே செய்த காலமும் அதுதான். அதன்பிறகு நோயாளிகளைத் தேர்ந்தெடுப்பதிலும் கிண்ணத்தை நிறுத்துவதிலும் நிறையத் தெளிவு வந்திருக்கிறது. ஆனாலும் இடைவெளி இன்னும் இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் உங்கள் கணினிக்கு இடம் இருக்கிறது.

அந்த இடத்தில் ஏற்கெனவே உழைத்தவர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மெஹ்ரான் ஆர்மாண்ட், ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் அறுவை செய்துவந்த யூரி லெபிஸ்டோவோடு சேர்ந்து 12 நோயாளிகளின் மூட்டழுத்தத்தை அறுவைக்கு முன்னும் பின்னும் கணக்கிட்டு 2005-இல் வெளியிட்டார். அதே குழுவின் 10 ஆண்டுத் தொடர் ஆய்வு 2009-இல் வந்தது. அவர்கள் அதோடு நிற்கவில்லை. அரங்கிலேயே கிண்ணத் துண்டின் நிலையைப் பின்தொடர்ந்து, திருப்பத் திருப்பக் கோணத்தையும் அழுத்தத்தையும் திரையில் காட்டும் வழிகாட்டி ஒன்றையும் உருவாக்கினார்கள். குருத்தெலும்பை வரிசை வரிசையாக நிற்கும் ஸ்பிரிங்குகளாகக் கருதி, எலும்பை வளையாத பொருளாக எடுத்துக்கொள்ளும் முறை அதற்கு உதவுகிறது. விரைவில் விடை தரும். அதனால் நூற்றுக்கணக்கான திருப்பங்களை அடுத்தடுத்து முயன்று பார்க்கலாம்.

யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி வைஸ், ஆண்ட்ரூ ஆண்டர்சன் குழு வேறு பாதையில் போனது. குருத்தெலும்பின் உண்மையான வடிவத்தோடும் தடிமனோடும் முழுமையான ஃபைனைட் எலிமென்ட் மாதிரியைக் கட்டினார்கள். சடல மூட்டில் அழுத்தப் படலத்தை வைத்து அளந்து, தங்கள் கணக்கு சரியா என்று சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். அதன்பிறகு கொரின் ஹெனாக் செய்த ஆய்வுதான் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. இயல்பான மூட்டுகள் 10, டிஸ்பிளாசியா மூட்டுகள் 10. ஒவ்வொன்றுக்கும் தனி மாதிரி. டிஸ்பிளாசியாவில் குருத்தெலும்பின் அழுத்தம் மிக உயர்ந்திருக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம். பெரிய வித்தியாசம் இல்லை. மாறாக, கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றியுள்ள லேப்ரம் இயல்பைவிடச் சுமார் 3 முதல் 4 மடங்கு சுமையைத் தாங்கிக்கொண்டிருந்தது. பந்து வெளிப்பக்கம் நகர்ந்து லேப்ரத்தின்மேல் சாய்ந்து நிற்கிறது. இந்த நோயாளிகளின் லேப்ரம் தடித்தும் கிழிந்தும் இருப்பதை நாங்கள் அரங்கில் கண்ணால் பார்த்திருக்கிறோம். காரணத்தை எண்ணாகக் காட்டியது அந்த மாதிரி. லேப்ரத்தை விட்டுவிட்டு மெஷ் போட்டிருந்தால் இது தெரிய வந்திருக்காது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம், மாதிரியில் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும் என்பதா? இல்லை. பெர்னில் குவோயான் ஜெங் குழு 2016-இல் செய்த ஒப்பீட்டைப் பாருங்கள். நோயாளியின் சொந்தக் குருத்தெலும்பை வைத்து ஒரு மாதிரி, எல்லா இடத்திலும் ஒரே தடிமன் என்று வைத்து ஒரு மாதிரி. இரண்டிலும் கிண்ணத்தை எப்படித் திருப்புவது நல்லது என்று கணக்கிட்டார்கள். சாதாரண சி.டி. மட்டுமே கையில் இருந்தால், ஒரே தடிமன் என்று வைத்த மாதிரியைக் கொண்டும் திட்டமிடலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆனால் மூட்டை ஒரு முழு உருண்டையாக மழுப்பிவிட்டால் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகவும் சமமாகவும் தெரியும் என்று யூட்டா குழு ஏற்கெனவே காட்டியிருந்தது. எந்த எளிமை கேடு செய்யும், எது செய்யாது என்பதை உங்கள் கேள்விதான் தீர்மானிக்கும். எந்தப் பக்கம் திருப்புவது என்ற கேள்விக்குப் போதுமான மாதிரி, லேப்ரம் ஏன் கிழிகிறது என்ற கேள்விக்குப் போதாது. மெஷ் போடுவதற்கு முன் கேள்வியை எழுதி வையுங்கள் என்று நான் கேட்பது இதனால்தான்.

கேள்வியை ஒட்டி மாதிரி கட்டினால் கண்ணுக்குத் தெரியாததும் வெளிவரும் என்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு. மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகப் பொறியாளர்கள், குழந்தை எலும்பியல் மருத்துவர் சார்ல்ஸ் பிரைஸோடு சேர்ந்து, கைக்குழந்தையின் இடுப்பைக் கணினியில் வடித்தார்கள். பாவ்லிக் வார்ப்பட்டையைக் கட்டியதும் நழுவிய பந்து எப்படிக் கிண்ணத்துக்குள் திரும்புகிறது, சில குழந்தைகளுக்கு ஏன் திரும்புவதில்லை என்பது அவர்கள் கேள்வி. தொடையின் உட்பக்கமுள்ள பெக்டினியஸ் என்ற சிறு தசைக்கு அதில் முக்கியப் பங்கு உண்டு என்று 2013-இல் எழுதினார்கள். குழந்தையைத் தொட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

இனி உங்களிடம் நான் வேண்டுவதைச் சொல்கிறேன்.

முதலாவது, சுமை யாருடையது என்று கேளுங்கள். நீங்கள் பெரும்பாலும் பெர்க்மானின் தரவையே எடுத்துக்கொள்கிறீர்கள். நல்ல தரவு, வேறு வழியும் குறைவு. ஆனால் அதன் முழுத் தொகுதி 4 நோயாளிகளிடமிருந்து வந்தது. செயற்கை மூட்டு பொருத்திக்கொண்டவர்கள் அவர்கள். டிஸ்பிளாசியா உள்ள இளம்பெண்ணுக்குப் பந்தின் மையமே வெளிப்பக்கம் தள்ளியிருக்கும். தசையின் கை நீளமும் இழுக்கும் திசையும் மாறியிருக்கும். ஸ்டான்ஃபோர்டிலிருந்து வரும் ஓப்பன்சிம் மென்பொருளில் அவருடைய உடல் அளவுக்கேற்ற தசை மாதிரியைக் கட்டி விசையைக் கணக்கிட முடியும். முடிந்தால் அதைச் செய்யுங்கள். முடியாவிட்டால், கடன் வாங்கிய சுமை என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இரண்டாவது, அசைவு யாருடையது என்றும் கேளுங்கள். பெர்க்மானின் பட்டியலில் நடப்பது உண்டு, படி ஏறி இறங்குவது உண்டு, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது உண்டு. சம்மணமிட்டுச் சாப்பிடுவது இல்லை. குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்ப்பதும், குனிந்து கோலம் போடுவதும், சேற்றில் நின்று நாற்று நடுவதும் இல்லை. நம் நோயாளிகளின் நாள் இவற்றால் ஆனது. அழுத்தம் குறைய வேண்டும் என்று கிண்ணத்தை முன்பக்கம் நிறையச் சாய்த்துவிட்டால், நடையில் அழகாகத் தெரியும் அதே மூட்டு, குந்தும்போது இடிக்கும். தரையில் உட்கார முடியாத மகளைப் பார்த்து, அறுவை தோற்றுவிட்டதாகவே அந்தக் குடும்பம் நினைக்கும். ஆகவே அழுத்தக் கணக்கோடு அசைவுக் கணக்கையும் சேர்த்துச் செய்யுங்கள். நீங்கள் சொல்லும் நிலையில் கிண்ணத்தை வைத்து, கணினியில் தொடையைக் குந்தும் அளவுக்கு மடக்கியும் சம்மணத்துக்கு விரித்தும் பாருங்கள். எலும்பும் எலும்பும் எங்கே முட்டுகின்றன என்று குறியுங்கள். இந்த வேலையை நம்மவர்கள்தான் செய்ய வேண்டும். நம் வீட்டுத் தரையைத் தெரிந்தவர்கள் நாம்தான்.

மூன்றாவது, நிற்கும் இடுப்பைக் கணக்கில் கொள்ளுங்கள். சி.டி. எடுக்கும்போது நோயாளி படுத்திருக்கிறார். வலி வருவதோ நிற்கும்போதும் நடக்கும்போதும். எழுந்து நின்றதும் இடுப்பெலும்பு முன்னோ பின்னோ சாய்கிறது. அந்தச் சாய்வு ஆளுக்கு ஆள் வேறு. அது மாறினால் பந்தின் முன்பக்கம் எவ்வளவு மூடப்படுகிறது என்பதும் மாறும். நின்றபடி எடுத்த எக்ஸ்ரே ஒன்றைக் கேட்டு வாங்கி, உங்கள் முப்பரிமாண மாதிரியை அதற்கேற்பச் சாய்த்துவிட்டுப் பிறகு சுமையைக் கொடுங்கள்.

நான்காவதைத்தான் மிகவும் முக்கியம் என்று நினைக்கிறேன். ஒற்றை எண்ணைக் கொண்டுவராதீர்கள். வெளிப்பக்கம் 18 டிகிரி, முன்பக்கம் 7 டிகிரி திருப்பினால் அழுத்தம் மிகக் குறைவு என்று உங்கள் கணக்கு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். என் கை அந்த இடத்தில் அப்படியே நிற்காது. இரண்டு மூன்று டிகிரி இப்படியோ அப்படியோ போகும். அங்கே என்ன ஆகும்? அழுத்தம் சற்றே கூடி நின்றுவிடுமா, சட்டென்று ஏறிவிடுமா? மிகக் குறைந்த அழுத்தம் தரும் நிலையைவிட, சற்றுப் பிசகினாலும் கெடுக்காத நிலை எனக்கு அதிகம் உதவும். உங்கள் விடையைச் சுற்றி 5 டிகிரி எல்லாப் பக்கமும் நகர்த்திக் கணக்கிடுங்கள். குருத்தெலும்பின் விறைப்பையும் தடிமனையும் சுமையின் திசையையும் சற்றே மாற்றி மறுபடியும் கணக்கிடுங்கள். அப்போதும் விடை நிலையாக நின்றால் அதை நம்பி அரங்குக்குள் போவேன். நிற்காவிட்டால் அதையும் எனக்குச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் பிசகுவது ஆபத்து என்று தெரிந்தாலே, எந்தப் பக்கம் கவனமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

வண்ணப் படத்தைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கிண்ணத்தின் விளிம்பில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தால், அங்கே உண்மையிலேயே அழுத்தம் மிகுந்திருக்கலாம். அல்லது அந்த இடத்தில் மெஷ் கரடுமுரடாக அமைந்து ஒரு முனை மட்டும் துருத்திக்கொண்டிருக்கலாம். இரண்டும் ஒரே நிறத்தில்தான் தெரியும். மெஷ்ஷை நுணுக்கி மறுபடியும் ஓட்டினால் அந்தப் புள்ளி நிற்கிறதா, நகர்கிறதா, மறைகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். எங்களுக்கு அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கத் தெரியாது. உங்களை நம்பித்தான் பார்க்கிறோம்.

ஐந்தாவது, அறுவை முடிந்த பிறகும் எங்களோடு இருங்கள். நீங்கள் திட்டமிட்ட நிலைக்கும் நான் நிறுத்திய நிலைக்கும் எவ்வளவு வித்தியாசம், கிடைத்த நிலையில் அழுத்தம் உண்மையில் குறைந்ததா என்று பிந்தைய படங்களை வைத்துக் கணக்கிடுங்கள். கோணம் திருத்தமாக வந்துவிட்டதாலேயே அழுத்தமும் குறைந்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதை ஒவ்வொரு நோயாளிக்கும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். புராஜெக்ட் ஆறு மாதத்தில் முடிந்துவிடும். மூட்டின் கதை 20, 30 ஆண்டு நீளும். ஆகவே உங்கள் கோப்புகளை, உள்ளீடுகளோடும் அனுமானங்களோடும், அடுத்து வருகிற மாணவர் திறந்து பயன்படுத்தும்படி வைத்துவிட்டுப் போங்கள். இப்படி ஒரு கல்லூரியும் ஒரு மருத்துவமனையும் பத்து ஆண்டு கைகோத்து வேலை செய்தால், எந்தக் கணிப்பு பலித்தது, எது பலிக்கவில்லை என்று நாமே சொல்ல முடியும்.

கருவி இல்லை என்று தயங்க வேண்டாம். ஸ்கேனிலிருந்து எலும்பைப் பிரிக்க 3டி ஸ்லைசர், தசை விசைக்கு ஓப்பன்சிம், குருத்தெலும்பின் தொடுபரப்பு அழுத்தத்துக்கு யூட்டா குழுவே உருவாக்கிய ஃபெபயோ. மூன்றையும் கட்டணமில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஸ்கேனைப் பொறுத்தவரை இரண்டு நெறிகளை விட்டுவிடாதீர்கள். புராஜெக்டுக்காக மட்டும் ஓர் இளம்பெண்ணின் இடுப்புக்குக் கதிர்வீச்சு கொடுக்கச் சொல்லாதீர்கள். சிகிச்சைக்கு எடுத்த படத்தையே பயன்படுத்துங்கள். அவருடைய பெயரையும் அடையாளங்களையும் கோப்பிலிருந்து நீக்கிய பிறகு, அவருடைய சம்மதத்தோடும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடும் மட்டுமே வாங்குங்கள்.

உங்கள் பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த மாணவர்களை ஒரு நாளாவது புறநோயாளிப் பிரிவுக்கு அனுப்புங்கள். டிஸ்பிளாசியா உள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கும்போது மறுபக்க இடுப்பு எப்படிச் சரிகிறது என்று அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். எனக்குக் கல்யாணம் ஆனபிறகு தரையில் உட்கார முடியுமா, பிள்ளை பெற முடியுமா, நின்றுகொண்டே செய்யும் வேலைக்குப் போக முடியுமா என்று நோயாளிகள் கேட்பதைக் காதால் கேட்கட்டும். எங்கள் துறையின் மூத்தவர்களுக்கும் சொல்கிறேன்: மாணவர் கொண்டுவரும் மாதிரியை ஒரு நிமிடம் பார்த்துப் பாராட்டி அனுப்புவது உதவி ஆகாது. எந்த நோயாளியைப் பற்றி எந்த முடிவை எடுக்கத் திணறுகிறோம் என்று அவர்களிடம் மனம்விட்டுச் சொல்ல வேண்டும். கேள்வியை நாம் சரியாகக் கொடுத்தால்தான் விடையை அவர்களிடம் எதிர்பார்க்க முடியும்.

மாணவர்களே, அறுவை அரங்கில் கிண்ணத்தைக் கையில் பிடித்திருக்கும்போது எனக்குத் துணையாக இருப்பவை அனுபவமும் ஒரு தட்டையான படமும்தான். அனுபவம் பலருடைய சராசரியைச் சொல்லும். மேசையில் இருப்பவரோ ஒரே ஒருவர். அவருடைய எலும்பு, அவருடைய சாய்வு, அவர் உட்காரும் விதம் எல்லாவற்றையும் சேர்த்து முன்கூட்டியே பலமுறை திருப்பிப் பார்த்து, வெட்டு விழுவதற்கு முன்பே தவறுகளைச் செய்து முடித்துவிட உங்களால் முடியும். அந்தத் தவறுகள் கணினியில் நடந்தால் யாருக்கும் வலிக்காது.

அடுத்த முறை வரும்போது உங்கள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரிகள் இருக்கட்டும். இந்த நோயாளிக்கு எந்தப் பக்கம் எத்தனை டிகிரி. எத்தனை டிகிரி வரை பிசகினால் பாதகமில்லை. எந்த அனுமானம் தவறாக இருந்தால் இந்த விடையை நம்பக் கூடாது. இந்த மூன்று வரிகளோடு வருகிறவருடன் உட்கார்ந்து அந்த நோயாளியின் அறுவையைத் திட்டமிட நான் தயாராக இருக்கிறேன். என்னைப் போன்ற மருத்துவர்கள் இன்னும் பலரும் தயாராக இருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் விடைக்காகக் காத்திருக்கும்
ஓர் இடுப்பு மூட்டு அறுவை மருத்துவர்